அமிலத்துக்கு முன்னும் பின்னும்: பெடல் பெட்டி பற்றி வாசகர் கேள்விகள்

கிதார் ஒலியை முரடாக்கும், காலால் மிதித்து இயக்கும் ஃபஸ் பெடலை வீட்டிலேயே கட்டுவது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மின்சுற்றைப் பற்றியவை அல்ல, அதை வைக்கும் உலோகப் பெட்டியையும் அதன் மேல் பெயரை அரித்து எழுதுவதையும் பற்றியவை. எனக்கு அதில் மிகுந்த மகிழ்ச்சி. கிதாரைக் கையில் எடுப்பதற்கு முன்பே, அச்சகங்களுக்குத் துத்தநாக பிளாக், அதாவது எழுத்து புடைத்து நிற்கும் அச்சுத் தகடு, செய்துகொடுக்கும் பட்டறையில் வேலை கற்றவன் நான். உலோகத்தை அமிலத்தால் அரித்து எழுத்து எடுப்பதுதான் என் முதல் தொழில். அந்தக் கண்ணோடுதான் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். அடிப்படை இதுதான்: லேசர் பிரின்டரின் டோனர் ஒட்டிய இடம் அரிபடாது, திறந்த உலோகம் மட்டும் அரிபடும். அரிக்கும் கரைசல் எதுவானாலும் பட்டறை வழக்கப்படி அமிலம் என்றே சொல்வேன்.

லேசர் பிரின்டரில் எடுத்த படத்தை அலுமினியப் பெட்டி மேல் வைத்து இஸ்திரி போட்டேன். காகிதத்தை உரித்தால் ஓரங்களில் டோனர் நன்றாக ஒட்டியிருக்கிறது. நடுவில் மட்டும் காகிதத்தோடு வந்துவிடுகிறது. பிரின்டரை மாற்ற வேண்டுமா?

வேண்டாம். ஓரத்தில் ஒட்டியிருக்கிறது என்றால் பிரின்டரும் சரி, காகிதமும் சரி. குறை பெட்டியின் முகத்தில் இருக்கிறது.

நாம் பயன்படுத்தும் ஹேமண்ட் நிறுவனத்தின் 1590பி, பிற நிறுவனங்களின் 125பி போன்றவை அச்சில் வார்த்த அலுமினியப் பெட்டிகள். வார்ப்பு ஆறும்போது சுருங்கும். அதனால் பல பெட்டிகளில் மேல்முகம் நடுவில் இம்மியளவு உள்வாங்கியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது. இஸ்திரிப் பெட்டியின் அடிப்பாகமோ நேர்தட்டை. அது ஓரங்களில் மட்டும் அழுத்தும், நடுவில் தொடவே தொடாது.

சோதித்துப் பார்ப்பது எளிது. மார்க்கர் பேனாவால் முகம் முழுக்கக் குறுக்கும் நெடுக்கும் கிறுக்குங்கள். ஒரு கனமான கண்ணாடித் தகட்டின் மேல் 220 எண் வாட்டர் பேப்பரை வைத்து, தண்ணீர் தெளித்து, பெட்டியைக் கவிழ்த்துப் பத்துப் பதினைந்து இழுப்பு இழுங்கள். பிறகு திருப்பிப் பாருங்கள். கிறுக்கல் எங்கே மிஞ்சியிருக்கிறதோ அங்கே பள்ளம். கடைசிக் கிறுக்கல் மறையும்வரை இழுக்க வேண்டும். அவசரப்பட்டு விரலால் அழுத்தி நடுவை மட்டும் தேய்த்தால் பள்ளம் இன்னும் ஆழமாகும். முகம் சமமானதும் 320, பிறகு 400. அதோடு நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் வழவழப்பாக்கினால் டோனர் பிடிக்கக் கீறலே இருக்காது. எப்போதும் தண்ணீர் போட்டே தேய்க்கவும். அலுமினியத் தூள் மூச்சோடு உள்ளே போகக் கூடாது, காற்றில் பறந்தால் தீப்பிடிக்கவும் கூடியது.

தேய்த்து முடித்ததும் சோப்பு நீர், பிறகு அசிட்டோன் அல்லது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். துடைத்த துணி வெள்ளையாகவே வரும்வரை துடையுங்கள். அதற்குப் பிறகு அந்த முகத்தில் உங்கள் விரல் படக் கூடாது. கைரேகையில் உள்ள எண்ணெய் போதும், அந்த இடத்தில் டோனர் எழும்பிவிடும்.

அடுத்தது சூடு. செப்புத் தகட்டுக்கு ஒரு நிமிடம் இஸ்திரி போட்டால் போதும் என்று படித்திருப்பீர்கள். இது கனமான வார்ப்பு. சூட்டை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். முதலில் காகிதம் இல்லாமல், ஒரு துணியை மட்டும் விரித்து, பெட்டி நன்றாகச் சூடேறும்வரை இஸ்திரிப் பெட்டியை அதன் மேல் நிறுத்தி வையுங்கள். பருத்தித் துணிக்கான சூடு, நீராவி இல்லாமல். பிறகு படத்தை வைத்து மூன்று நான்கு நிமிடம் அழுத்துங்கள். கை பொறுக்கும் அளவுக்கு ஆறியதும் வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டுவிடுங்கள். காகிதத்தை உரிக்காதீர்கள். அது ஊறிக் கூழாகட்டும். கட்டைவிரலால் உருட்டி எடுங்கள். டோனரில் விட்டுப்போன புள்ளிகள் இருந்தால் நெயில் பாலிஷ் வைத்து அடையுங்கள்.

சர்க்யூட் போர்டு அரிக்கும் ஃபெரிக் குளோரைடில் பெட்டியைக் கவிழ்த்து வைத்தேன். சில நொடிகளில் பொங்கி, கொதிக்கக் கொதிக்கச் சூடாகி, டோனர் முழுவதும் உரிந்து மிதந்தது. கரைசல் கெட்டுப்போனதா?

கரைசல் நன்றாக இருந்ததால்தான் பொங்கியது. செம்பு ஃபெரிக் குளோரைடில் மெதுவாகக் கரையும். அதனால் அந்தக் கரைசலை அடர்த்தியாகவே விற்கிறார்கள். அலுமினியத்தின் குணம் வேறு. மேலே உள்ள ஆக்ஸைடு படலத்தைக் குளோரைடு உடைத்ததும் உள்ளே இருக்கும் உலோகம் வெறியோடு வினைபுரியும், ஹைட்ரஜன் வாயு குமிழியிட்டு வரும், சூடு ஏறும். சூடு ஏறினால் வினை இன்னும் வேகமாகும். டோனர் என்பது பிளாஸ்டிக். சூட்டில் இளகி, கீழிருந்து குமிழி தூக்கினால் அது என்ன செய்யும்?

ஃபெரிக் குளோரைடையே பயன்படுத்த வேண்டும் என்றால், ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீராவது சேருங்கள். கரைசல் குளிர்ந்திருக்க வேண்டும். அரை நிமிடம் முக்குங்கள், எடுங்கள், தண்ணீரில் அலசுங்கள், மறுபடி முக்குங்கள். கட்டியாகவோ தூளாகவோ வாங்கியிருந்தால் அதைத்தான் சிறிது சிறிதாகத் தண்ணீரில் போட வேண்டும். தூளின் மேல் தண்ணீரை ஊற்றினால் சூடாகி அமிலப் புகை கிளம்பும்.

ஆனால் என் விருப்பம் அதுவல்ல. அலுமினியத்துக்கு மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) சமையல் உப்பும் கலந்த கரைசலையே நான் பயன்படுத்துகிறேன். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 75 கிராம் மயில்துத்தம், அதே 75 கிராம் உப்பு. நீலமாக இருக்கும் கரைசல் உப்பு சேர்ந்ததும் பச்சையாகும். உப்பில்லாமல் வெறும் மயில்துத்தத்தில் பெட்டியை வைத்துப் பாருங்கள், ஏறக்குறைய ஒன்றுமே நடக்காது. உப்பில் உள்ள குளோரைடுதான் ஆக்ஸைடு படலத்தைத் திறந்துவிடுகிறது. பிறகு அலுமினியம் கரைந்து போக, அந்த இடத்தில் செம்பு சிவப்புப் பஞ்சாகப் படியும். அந்தப் பஞ்சை அப்படியே விட்டால் அடியில் அரிப்பு திட்டுத் திட்டாகிவிடும். அடிக்கடி தூக்கி, மிருதுவான தூரிகையால் தட்டிவிட வேண்டும். எங்கள் பட்டறையில் இதற்குப் பறவை இறகு வைத்திருந்தோம். டோனரைக் கீறாமல் குமிழியையும் கசடையும் நீக்க இறகைவிட நல்ல கருவியை நான் பார்த்ததில்லை.

முகம் மட்டும் முங்கும் அளவுக்குக் கரைசலை ஊற்றி, அடியில் இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளை முட்டுக்கொடுத்துப் பெட்டியைக் கவிழ்த்து வைக்கலாம். பக்கங்களையும் உட்புறத்தையும் பேக்கிங் டேப்பால் மூடிவிடுங்கள். டேப்பின் விளிம்பை நகத்தால் அழுத்தி ஒட்ட வேண்டும், அங்கேதான் கசியும்.

எடுத்துப் பார்க்கும்போது பள்ளங்கள் கரும்சாம்பல் நிறத்தில் இருக்கும். பயந்து தேய்த்துவிடாதீர்கள். வார்ப்பு அலுமினியத்தில் சிலிக்கான் நிறைய உண்டு; கரையாமல் மிஞ்சும் அதுவும், உலோகக் கலவையில் இருந்த செம்பும்தான் அந்தக் கறுப்பு. எனக்கு மிகவும் பிடித்த நிறம் அது. எந்தப் பெயின்டும் இல்லாமல் எழுத்து தானாகவே எடுத்துக்காட்டும்.

என் பெடலுக்கு ‘முழக்கம்’ என்று பெயர் வைத்து எழுத்து மேலே புடைத்து நிற்கும்படி அரித்தேன். வெளியே எடுத்தால் ‘முழககம’ என்று இருக்கிறது. புள்ளிகள் காணாமல் போய்விட்டன, ழகரத்தின் மெல்லிய கோடும் பாதி இல்லை.

இந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பிளாக் தொழிலில் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்த பாடமே இதுதான்: அமிலம் கீழே மட்டும் போகாது, பக்கவாட்டிலும் போகும். டோனருக்கு அடியில் நுழைந்து சுவரைத் தின்னும். 0.1 மில்லிமீட்டர் ஆழம் அரித்தால், பக்கத்திலும் கிட்டத்தட்ட அவ்வளவே போகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 0.3 மில்லிமீட்டர் கோடு புடைத்து நிற்க வேண்டுமானால் இரண்டு பக்கமும் அரிபட்டு 0.1தான் மிஞ்சும். புள்ளியின் கதி இன்னும் மோசம். அதைச் சுற்றிலும் எல்லாப் பக்கமிருந்தும் அமிலம் வரும்.

துத்தநாக பிளாக்கை நைட்ரிக் அமிலத்தில் அரிக்கும் காலத்தில் இதற்கு ஒரு வழி இருந்தது. கொஞ்சம் அரித்ததும் தகட்டை எடுத்துக் கழுவிக் காயவைத்து, டிராகன் பிளட் என்னும் சிவப்புப் பிசின் தூளை ஒரு திசையில் தூரிகையால் தள்ளுவார்கள். தூள் கோடுகளின் ஒரு பக்கச் சுவரில் ஒதுங்கும். சூடு காட்டி உருக்குவார்கள். இப்படி நான்கு திசையிலும் செய்து நான்கு சுவரையும் காத்த பிறகு மறுபடி அமிலம். ஒரு நல்ல பிளாக்குக்கு இந்தச் சுற்று பல முறை நடக்கும். பொறுமையை நான் அங்கேதான் கற்றேன்.

பெடல் பெட்டிக்கு அவ்வளவு தேவையில்லை. வடிவத்தின் கறுப்பு வெள்ளையை மாற்றிப் போடுங்கள். எழுத்து புடைப்பதற்குப் பதில் பள்ளமாகட்டும். அதாவது பின்னணி முழுக்க டோனர், எழுத்து மட்டும் திறந்த உலோகம். கரைய வேண்டிய உலோகம் குறைவு, அதனால் சூடும் குறைவு. பக்க அரிப்பினால் எழுத்து தடிக்குமே தவிர மறையாது. புள்ளிகள் பத்திரமாக இருக்கும். தடிக்கும்போது ண, ஞ, ழ போன்ற எழுத்துகளில் உள்ள சுழிகள் அடைபடும், அதனால் சுழி அகலமாக உள்ள எழுத்துருவாகத் தேர்ந்தெடுங்கள். புடைப்பு எழுத்துதான் வேண்டும் என்று மனம் அடம்பிடித்தால், கோடு 0.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, புள்ளியை எழுத்துருவில் இருப்பதைப்போல் இரண்டு மடங்கு பெரிதாக வரைந்துவிடுங்கள். அரித்த பிறகு அளவாகத்தான் இருக்கும்.

பள்ள எழுத்தில் நிறம் நிரப்ப விரும்பினால், எனாமல் பெயின்டை எழுத்துகளின் மேல் தாராளமாகப் பூசி, முழுதாகக் காய விட்டு, கட்டையில் சுற்றிய 400 தாளால் மேல்முகத்தைத் தேய்த்தெடுங்கள். விரலில் சுற்றித் தேய்த்தால் விரல் பள்ளத்துக்குள் இறங்கி நிறத்தைச் சுரண்டிவிடும்.

துளைகளை முதலிலேயே போட வேண்டுமா, அரித்த பிறகா? எந்தத் துளைக்கு என்ன அளவு?

அரித்த பிறகு. துளை இருந்தால் அதன் வழியே கரைசல் உள்ளே ஏறும், துளையின் விளிம்பும் மழுங்கும். துளை மையங்களைப் படத்திலேயே சிறு கூட்டல் குறியாக வரைந்துவிட்டால், அமிலமே உங்களுக்காகக் குறி போட்டுத் தந்துவிடும். சென்டர் பஞ்ச் அதில் தானாக உட்காரும். மூன்று துருவ ஃபுட் ஸ்விட்சுக்கு 12 மில்லிமீட்டர், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் சாதாரண 16 மில்லிமீட்டர் பொட்டென்ஷியோமீட்டருக்கு 7, கால் அங்குல ஜாக்குக்கு 9.5, வெளியிலிருந்து பொருத்தும் டி.சி. ஜாக்குக்கு 12. பெரிய துளைகளுக்குப் படி வைத்த டிரில் பிட் இருந்தால் துளை வட்டமாக வரும். மேல்முகத்தில் டேப் ஒட்டிக்கொண்டு துளையிடுங்கள். சுருள் சுருளாக வரும் அலுமினியப் பிசிறு நீங்கள் பாடுபட்டுச் செய்த முகத்தைக் கீறிவிடும்.

என் மகனுக்கு 16 வயது. மொட்டை மாடியில் இந்த வேலை செய்கிறான். மிச்சமான பச்சைத் தண்ணீரைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி மூடிவைத்திருக்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது. தடுக்கலாமா?

தடுக்க வேண்டாம் அம்மா. ஆனால் அந்தப் பாட்டிலின் மூடியை இன்றே தளர்த்திவிட்டுச் சின்னக் குழந்தைகள் கை எட்டாத இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். கரைசலில் அலுமினியத் துகள் ஒன்றிரண்டு கிடந்தாலும் ஹைட்ரஜன் ஊறிக்கொண்டே இருக்கும். இறுக மூடிய பாட்டில் வெடிக்கக் கூடும். குளிர்பானப் பாட்டில் என்பது இன்னும் பெரிய ஆபத்து, யாராவது தாகத்தில் எடுத்துக் குடித்துவிடலாம். சாப்பாட்டுக்குப் புழங்காத, அகல வாய் பிளாஸ்டிக் டப்பாவில் பெரிய எழுத்தில் ‘விஷம்’ என்று எழுதி வைக்கட்டும்.

மொட்டை மாடியில் செய்வது சரியான பழக்கம். ஹைட்ரஜன் தங்காது. அருகில் நெருப்பு மட்டும் கூடாது. பக்கவாட்டையும் மூடும் பாதுகாப்புக் கண்ணாடியும், நைட்ரைல் கையுறையும் இல்லாமல் அவர் தொடங்கக் கூடாது என்பதை நீங்கள் சட்டமாகவே வைக்கலாம். கண்ணில் தெறித்தால் 15 நிமிடம் விடாமல் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

வேலை முடிந்த கரைசலை வடிகாலிலோ செடிக்கோ ஊற்றக் கூடாது. செம்பு மீன்களையும் நீரில் வாழும் மற்ற உயிர்களையும் கொன்றுவிடும். அலுமினியத் தாள் துண்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்த டப்பாவில் போடச் சொல்லுங்கள். செம்பெல்லாம் சிவப்புக் கசடாக இறங்கி, தண்ணீர் நிறமிழக்கும். பிறகு சலவை சோடாவைச் சிட்டிகை சிட்டிகையாகச் சேர்த்து நுரை அடங்கும்வரை கலக்கி, ஒரு நாள் தெளியவிட்டு, துணியில் வடிகட்ட வேண்டும். ஃபெரிக் குளோரைடுக்கும் சலவை சோடாதான். பழுப்புச் சேறாக இறங்கும். அந்தக் கசடை உலர்த்தி, ஆபத்தான கழிவுகளை வாங்கும் இடத்தில் சேர்க்கட்டும். இதையும் சேர்த்துக் கற்றால்தான் அவர் இந்த வேலையைக் கற்றதாக நான் ஒப்புக்கொள்வேன்.

அரித்து, கிளியர் லாக்கர் அடித்துப் பளபளவென்று முடித்தேன். ஒரு மாதம் கழித்து லாக்கருக்கு அடியில் எழுத்துகளைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கிறது. லாக்கர் மட்டமா?

லாக்கரைக் குறை சொல்ல முடியாது. பள்ளங்களின் அடியில் குளோரைடு உப்பு தங்கியிருக்கிறது. அரிபட்ட பரப்பு கண்ணுக்குச் சமமாகத் தெரிந்தாலும் உள்ளே பஞ்சு போலத் துளைகள் நிறைந்தது. அங்கே ஒளிந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து, லாக்கருக்கு அடியிலேயே அலுமினியத்தை அரித்துக்கொண்டிருக்கிறது. அந்த வெள்ளைப் பூ அலுமினியம் அரிபட்டு வெளிவந்த பொருள்தான்.

அரிக்க எடுத்துக்கொண்ட நேரத்தைப்போல் இரண்டு மடங்கு நேரத்தைக் கழுவுவதற்கு ஒதுக்குங்கள். முதலில் ஓடும் தண்ணீர். பிறகு ஆப்ப சோடா கரைத்த தண்ணீரில் பழைய பல் துலக்கும் தூரிகையால் ஒவ்வொரு எழுத்துக்குள்ளும் தேய்க்க வேண்டும். அசிட்டோனால் டோனரைத் துடைத்து, அதற்கு அடியில் சிக்கியிருந்த இடத்தையும் மறுபடி கழுவுங்கள். கடைசி அலசல் காய்ச்சி வடித்த சுடுநீரில். துடைத்துவிட்டு ஹேர் டிரையரால் பெட்டி சுடும்வரை காட்டுங்கள். ஒரு வாரம் அப்படியே வைத்துப் பாருங்கள். பூக்கவில்லை என்றால் லாக்கர் அடிக்கலாம்.

இப்போதைய பெட்டிக்கு வேறு வழியில்லை. லாக்கரை முழுதாக எடுத்துவிட்டு மேலே சொன்னபடி கழுவ வேண்டும்.

லாக்கரை மெல்லிய பூச்சாகப் பல முறை அடியுங்கள்; ஈரக் காற்று வீசும் நாளில் அடித்தால் பால் தெளித்தது போல மங்கும். வெறும் அலுமினியத்தில் எந்தக் கிளியர் பூச்சும் வலுவாகப் பிடிக்காது. காலால் மிதிபடும் பொருள் வேறு. அதனால் என் பெட்டிகளுக்கு நான் மெழுகு மட்டுமே பூசுகிறேன். தேய்ந்தால் மறுபடி பூசிக்கொள்ளலாம். ஹார்டனர் கலக்கும் இரட்டைக் கூறு கிளியர் மிக உறுதியானதுதான், ஆனால் அதில் ஐசோசயனேட் இருக்கிறது. நுரையீரலுக்குக் கெடுதல், வீட்டில் அதை அடிக்கவே வேண்டாம்.

இந்தப் பெட்டியை வீட்டில் அனோடைஸ் செய்ய, அதாவது மின்சாரம் செலுத்தி ஆக்ஸைடு படலத்தைத் தடிப்பாக்கி நிறமேற்ற, முடியுமா? கண்ணாடி போலப் பாலிஷ் செய்யலாமா?

இரண்டும் வார்ப்புக்கு ஒத்துவராது. அதில் உள்ள சிலிக்கான் காரணமாக அனோடைஸ் நிறம் திட்டுத் திட்டாக, அழுக்குச் சாம்பலாக வரும். பாலிஷைப் பொறுத்தவரை, வார்ப்பின் மேல்தோல் அடர்த்தியானது. அதைத் தாண்டித் தேய்த்தால் உள்ளே இருக்கும் காற்றுத் துளைகள் ஊசி குத்தியதுபோல வெளியே வரும். ஒரே திசையில் இழுத்த 400 தாளின் கோடுகள் போதும். அதன் அழகு தனி.

பெட்டிக்குள் வைப்பதற்கு முன் பெடல் அமைதியாக இருந்தது. உள்ளேயும் வெளியேயும் கறுப்புப் பெயின்ட் அடித்த பெட்டியில் பூட்டியதும் ‘ஊம்’ என்று இரைகிறது.

பெட்டி வெறும் கூடு அல்ல, வெளி இரைச்சலைத் தடுக்கும் கவசம். அது சுற்றின் கிரவுண்டோடு, அதாவது பொதுவான பூஜ்ய வோல்ட் இணைப்போடு, இணைந்திருந்தால்தான் கவசம். பெரும்பாலான பெடல்களில் ஜாக்கின் உலோகக் கழுத்து பெட்டியைத் தொடுவதுதான் அந்த இணைப்பு. பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது. நீங்கள் அந்தத் தொடர்பை அறுத்துவிட்டீர்கள்.

ஜாக் துளையைச் சுற்றி உட்புறத்தில் வாஷர் அகலத்துக்குப் பெயின்டைச் சுரண்டி வெள்ளி உலோகம் தெரிய வையுங்கள். பல் வைத்த வாஷர் போட்டு இறுக்குங்கள். மூடி பெட்டியில் உட்காரும் விளிம்பிலும், மூடித் திருகுகள் பதியும் குழியிலும் அதே வேலை. மூடி கிரவுண்டோடு சேராமல் தனியே நின்றால் கவசம் முழுமையாகாது. உங்கள் ஜாக் பிளாஸ்டிக் உடல் கொண்டதா என்றும் பாருங்கள். அப்படியானால் கிரவுண்டிலிருந்து ஒரு ஒயரை எடுத்து, வளைய முனை போட்டுப் பெட்டியில் திருக வேண்டும். முடித்ததும் மல்டிமீட்டரைத் தொடர்ச்சி ஒலியில் வைத்து, ஒரு முனையை ஜாக்கின் கிரவுண்ட் காலிலும் மறுமுனையை முதலில் பெட்டியிலும் பிறகு மூடியிலும் தொட்டுப் பாருங்கள். இரண்டு முறையும் ஒலி வர வேண்டும்.